குருவிக்குக் கண்ணீர், நத்தைக்கு உப்பா?

மழை விட்ட மாலைப்பொழுதில், இறகு நனைந்து வாசற்படியில் விழுந்து கிடக்கும் சிட்டுக்குருவியை நம் வீட்டுச் சிறுவர்கள் கையில் ஏந்தி வருவதைக் கண்டிருக்கிறோம். பழந்துணி விரித்த அட்டைப்பெட்டி அதற்கு இல்லமாகிறது. தண்ணீரும் தினையும் வைக்கப்படுகின்றன. மறுநாள் அது இறந்துபோனால், கொல்லையில் குழிதோண்டிப் புதைத்து, அதன்மேல் ஒரு பூவையும் வைக்கின்றனர். அதே மாலையில், அதே வாசற்படியில் நத்தை ஒன்று ஏறிக்கொண்டிருந்தால், அடுக்களையிலிருந்து ஒரு கைப்பிடி உப்பு வருகிறது. நுரைத்துக் கரையும் அவ்வுயிரைச் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறோம். இவ்விரு செயல்களுக்கும் இடையே முரண்பாடு ஏதும் இருப்பதாக நம்முள் எவர்க்கும் தோன்றுவதில்லை.

தோன்றவேண்டும் என்பதே நம் வாதம்.

பயிரை அழிக்கும் நத்தைகளைப் பொறுக்கி ஒழிக்கும் உழவரோடு நமக்கு வழக்கில்லை. விளைந்த தானியத்தைக் கொத்தவரும் கிளியையும் அவர் விரட்டத்தான் செய்கிறார். நம் வழக்கு வேறு. இறகும் குரலும் உடையது மேல், ஓடும் கோழையும் உடையது கீழ் என்று நம் மனத்துள் நாமே ஓர் ஏணியைக் கட்டி வைத்திருக்கிறோம். அந்த ஏணியோடுதான் நம் வழக்கு. அது வெறும் மன விருப்பமாய் நின்றுவிட்டால் கேடில்லை. எந்த உயிரைக் காப்பது, எதைக் கைவிடுவது, எதற்குப் பணம் ஒதுக்குவது என்பதையெல்லாம் இன்று அந்த ஏணியே முடிவுசெய்கிறது. அதன் விளைவைக் காட்ட, ஹவாய்த் தீவுகளில் அண்மையில் மறைந்த ஒரு பறவையையும் ஒரு நத்தையையும் அருகருகே நிறுத்திப் பார்ப்போம்.

மறைந்த இருவர்

பசிபிக் பெருங்கடலின் நடுவே உள்ள ஹவாய்த் தீவுக்கூட்டத்தில் மாவுயி என்பது ஒரு தீவு. அங்கே ஹாலேயாகாலா எரிமலையின் சரிவில், ஓயாது மழை பொழியும் காட்டில், 1973ஆம் ஆண்டு பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் அறிவியல் அதுவரை அறியாத ஒரு சிறு பறவையைக் கண்டனர். பழுப்பு நிற உடல். முகமூடி அணிந்தாற்போல் கண்களைச் சூழ்ந்த கருமை. ஹவாய் மொழி அறிஞர் மேரி கவேனா புகுயி அம்மையார் அதற்குப் 'போவூலி' என்று பெயர் சூட்டினார். கருந்தலை என்பது அதன் பொருள்.

பெயர் கிடைத்த சில ஆண்டுகளிலேயே அதன் முடிவும் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியது. 1980ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 140 பறவைகள் இருக்கக்கூடும் என்று கணித்தனர். 1997இல் அறியப்பட்டவை மூன்றே. அம்மூன்றும் தனித்தனிப் பகுதிகளில், ஒன்றையொன்று சந்திக்காமல் வாழ்ந்தன. 2002இல் ஒரு பெண்பறவையைப் பிடித்து, ஆண்பறவை ஒன்று வாழ்ந்த இடத்தில் கொண்டுபோய் விட்டனர். அது அங்கே தங்காமல் மறுநாளே தன் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது. 2004 செப்டம்பரில் ஒரு பறவையை மட்டும் பிடிக்க முடிந்தது. முதிர்ந்த பறவை, ஒரு கண்ணில் பார்வை இல்லை. அதற்குத் துணைதேடிக் காடெங்கும் அலைந்தும் மற்ற இரண்டும் கிட்டவில்லை. அவ்வாண்டு நவம்பர் 26ஆம் நாள் அது கூண்டிலேயே இறந்தது. அதன்பின் எவரும் போவூலியைக் காணவில்லை.

இனி நத்தை. 1787இல் ஓவாஹு தீவுக்கு வந்த ஆங்கிலேயக் கப்பல் தலைவர் ஜார்ஜ் டிக்சனுக்கு அங்குள்ளோர் ஓடுகளால் கோத்த மாலை ஒன்றைத் தந்தனர். அம்மாலையிலிருந்த நத்தையோடு 1789இல் அவருடைய பயண நூலில் இடம்பெற்றது. ஹவாயின் நிலநத்தைகளுள் மேலைநாட்டு அறிவியல் முதன்முதலில் பெயரிட்டது அதைத்தான். அக்காட்டினெல்லா அபெக்ஸ்ஃபுல்வா என்பது அப்பெயர். நுனி மஞ்சளானது என்று பொருள்படும். விரல்நுனி அளவே உள்ள, பளபளக்கும் ஓடு. மரத்தின் மேலேயே பிறந்து, மரத்தின் மேலேயே வாழ்ந்து, பெரும்பாலும் அதே மரத்தை விட்டு நீங்காமல் மாயும் உயிர்.

இருநூறு ஆண்டுகளுக்குப் பின், 1997இல், அந்த இனத்தில் எஞ்சியவை என்று அறியப்பட்ட பத்து நத்தைகளைப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தனர். அங்கே குஞ்சுகள் பிறந்தன. பின்பு ஒவ்வொன்றாய் எல்லாம் மாண்டன. ஒன்று மட்டும் எஞ்சியது. போவூலி மறைந்த ஆண்டை ஒட்டிப் பிறந்த நத்தை அது. ஆண்தன்மையும் பெண்தன்மையும் ஒரே உடலில் அமைந்த உயிராயினும், இனம் பெருக அதற்குத் துணை ஒன்று வேண்டும். துணை கிடைக்கவேயில்லை. ஆண்டுக்கணக்கில் கண்ணாடிப் பெட்டிக்குள் தனித்து வாழ்ந்து, 2019ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், ஏறத்தாழப் பதினான்கு வயதில் அது இறந்தது.

பறவையின் திசுவும் நத்தையின் திசுவும் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் உறைநிலையில் பாதுகாக்கப்படுகின்றன. அந்த உறைபெட்டியில் மேலும் கீழும் இல்லை. அதற்கு வெளியே, நம் நினைவில்தான் ஏற்றத்தாழ்வு.

நத்தையின் சாவும் நாளேடுகளில் வந்ததே என்று சிலர் கேட்கலாம். வந்தது, மெய்தான். ஆனால் எதனால் வந்தது? அதற்குத் 'தனியன் ஜார்ஜ்' என்று செல்லப்பெயர் இட்டிருந்தனர். கலாப்பகசுத் தீவுகளில் தன்னினத்தின் கடைசியாய் வாழ்ந்து 2012இல் இறந்த புகழ்பெற்ற ஆமையின் பெயர் அது. ஆமையிடம் கடன்வாங்கிய பெயரால்தான் நத்தையின் சாவு உலகின் காதுக்கு எட்டியது. அதற்கு முன்னும் பின்னும் பெயரின்றி மறைந்த அதன் உறவுகளுக்கு எந்த நாளேடு இடம் தந்தது? அக்காட்டினெல்லா என்னும் பேரினத்தில் மட்டும் 41 இனங்கள் அறியப்பட்டிருந்தன. 1981இல் அவை அனைத்தும் அழிவுக்கு உள்ளானவை என்று அமெரிக்க அரசு அறிவித்தது. அவற்றுள் பெரும்பகுதி இன்றில்லை. ஹவாய்க்கே உரிய நிலநத்தை இனங்கள் 750க்கும் மேல். அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை மறைந்துவிட்டன என்பதே அறிஞர்தம் கணிப்பு.

நத்தை எல்லாம் ஒன்றுதானா?

ஏணியின் கீழ்ப்படியில் உள்ளவர்க்கு நேரும் முதல் இழிவு, அவர்களுக்குள் வேறுபாடு காண எவரும் முயலாமையே. காகத்தையும் கிளியையும் ஒன்றென்று சொல்லும் ஒருவரை நாம் அறிவிலி என்போம். பருந்து புறாவைத் தின்னும் என்பது குழந்தைக்கும் தெரியும். ஆயின் நத்தை என்றால் நமக்கு எல்லாம் நத்தையே. எது பயிரைத் தின்பது, எது இலைமேல் படிந்த பாசியைத் தின்பது, எது மற்ற நத்தைகளையே தின்பது என்று நாம் கேட்பதில்லை. கேளாமையால் விளைந்த கேட்டை ஹவாய் வரலாறு சொல்லும்.

1936இல் ஆப்பிரிக்கப் பெருநத்தை ஹவாய்க்குள் கொண்டுவரப்பட்டது. இந்த நத்தை நமக்கும் அந்நியமன்று. 1847இல் ஆங்கிலேயர் ஒருவர் மொரீசியசிலிருந்து கொண்டுவந்து கல்கத்தாத் தோட்டமொன்றில் விட்டதிலிருந்து இந்தியாவில் பரவத் தொடங்கி, இன்று மழைக்காலந்தோறும் தென்னாட்டுத் தோட்டக்காரர்களை அலைக்கழிப்பது இதுவே. ஹவாயிலும் அது பெருகிப் பயிரைத் தின்றது. அதை ஒழிக்க 1955இல் வேளாண் அதிகாரிகள் ஒரு வழி கண்டனர். அமெரிக்காவின் புளோரிடாப் பகுதியைச் சேர்ந்த, நத்தையைத் தின்னும் நத்தை ஒன்றைக் கொணர்ந்து தோட்டங்களில் விட்டனர். ஓநாய் நத்தை என்பது அதற்கு வழங்கும் பெயர். பெயருக்கேற்ப அது வேட்டையாடும் உயிர். மற்ற நத்தைகள் விட்டுச்செல்லும் கோழைத் தடத்தை மோப்பம் பிடித்துப் பின்தொடர்ந்து சென்று தின்பது.

நத்தையை நத்தை தின்னும். பயிர் பிழைக்கும் என்பது கணக்கு. ஆனால் எந்த நத்தையை என்று ஓநாய் நத்தைக்கு எவரும் எழுதிக் கொடுக்கவில்லை. அது தோட்டத்தை விட்டுக் காட்டுக்குள் ஏறியது. மரத்தின் மேலும் ஏறியது. அங்கே, ஊர்ந்து வேட்டையாடும் பகையையே அதுவரை அறியாத மரநத்தைகள் இருந்தன. முட்டைகளைக் குவியலாய் இடும் ஆப்பிரிக்க நத்தை விரைவிற் பெருகும். ஹவாயின் மரநத்தையோ முட்டையிடாமல் ஒவ்வொன்றாய்க் குஞ்சு ஈனும். அக்குஞ்சு தாயாகும் பருவம் எய்தப் பல ஆண்டுகள் செல்லும். ஆகவே வேட்டை தொடங்கியபின் எது தாங்கும், எது அழியும் என்பதை முன்னரே சொல்லியிருக்கலாம். ஆப்பிரிக்க நத்தை இன்றும் அங்கே வாழ்கிறது. தனியன் ஜார்ஜ் இல்லை.

இதே செயல் 1970களில் தாகித்தி, மோரியா முதலிய தீவுகளிலும் செய்யப்பட்டது. அங்கும் பார்ட்டூலா என்னும் மரநத்தைகள் காட்டிலிருந்து ஏறத்தாழத் துடைத்தெறியப்பட்டன. ஒரு தீவில் நேர்ந்த தவற்றை மற்றொரு தீவில் மீண்டும் செய்தவர்களை என்னென்பது? பறவையைத் தின்னும் பறவை ஒன்றைக் கொண்டுவந்து காட்டில் விடலாம் என்று அவர்களிடம் சொல்லியிருந்தால், எந்தப் பறவையைத் தின்னும் என்று உடனே கேட்டிருப்பர். நத்தைக்கு அந்த ஒரு கேள்வியைக் கேட்க அவர்களுக்கு மனமில்லை.

பறவையின் உணவு எது?

இப்போது போவூலியிடம் திரும்புவோம். அழகுப் பறவைக்காக அழுவோர், அது எதை உண்டு வாழ்ந்தது என்று கேட்டதுண்டா? தேனைப் பருகியா? கனியைக் கொத்தியா? ஹவாயின் தேன்பறவைக் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும் போவூலியின் வழி தனிவழி. பாசி படர்ந்த கிளைகளையும் மரப்பட்டைகளையும் துருவி, அங்கு ஒளிந்திருக்கும் பூச்சிகளையும், சிறப்பாகச் சின்னஞ்சிறு நிலநத்தைகளையும் தேடி உண்டது அது. நத்தையை முதன்மை உணவாகக் கொண்ட ஹவாய்க் காட்டுப்பறவை வேறில்லை.

அதன் அழிவுக்குக் காரணங்கள் பல. பன்றிகள் காட்டின் தரையை உழுது சிதைத்தன. எலிகள் கூடுகளைச் சூறையாடின. 1826ஆம் ஆண்டளவில் கப்பல் வழியே வந்து சேர்ந்த கொசு, பின்னாளில் பறவை மலேரியாவைப் பரப்பியது. கூண்டில் இறந்த கடைசிப் பறவையையும் அந்நோய் பற்றியிருந்தது. இவற்றோடு மற்றொரு காரணத்தையும் அறிஞர்கள் சேர்க்கின்றனர். பூண்டின் வாடை வீசும் ஐரோப்பிய நத்தை ஒன்று அக்காட்டினுள் புகுந்து, போவூலி உண்டுவந்த சிறுநத்தைகளைத் தின்னத் தலைப்பட்டது. எலியும் முட்டையோடு நிற்கவில்லை, நத்தையையும் விட்டுவைக்கவில்லை.

ஆக, பறவையையும் நத்தையையும் வாட்டிய பகைவர் பலர் பொதுவானவரே. நத்தை குறைந்த காட்டில் அப்பறவையின் உணவும் குறைந்தது. பறவையைப் பிடித்துக் கூண்டில் அடைத்துத் துணை தேடுவது பற்றி ஆண்டுக்கணக்கில் விவாதித்த உலகம், அதன் உணவாகிய நத்தையைப் பற்றி எவ்வளவு பேசியது? விருந்தினர் வரவில்லையே என்று வருந்துகிறோம். அடுப்பு அணைந்து பன்னாள் ஆயிற்று என்பதைப் பார்ப்பதில்லை.

இஃது ஒரு தீவுக்கு மட்டும் உரிய விந்தை என்று ஒதுக்கிவிட முடியாது. நெதர்லாந்து நாட்டின் மணற்பாங்கான காடுகளிலும் இவ்வுறவு வெளிப்பட்டது. அங்குள்ள பட்டாணிக்குருவி இனப் பறவைகள் மெல்லிய, நுண்துளைகள் மலிந்த ஓடுடைய முட்டைகளை இடலாயின. பல முட்டைகள் பொரிக்கவில்லை. காரணம் என்ன? அமில மழையால் மண்ணிலிருந்த சுண்ணச்சத்துக் கரைந்துபோயிற்று. சுண்ணச்சத்து இன்மையால் நத்தைகள் குறைந்தன. முட்டையோடு உருவாகத் தேவையான சுண்ணச்சத்தை அப்பறவைகள் நத்தையோட்டைத் தின்றே பெற்றுவந்தன. 1994இல் இதை வெளியிட்ட ஆய்வாளர்கள், காட்டில் நத்தையோடுகளையும் கோழிமுட்டை ஓடுகளையும் வைத்துப் பார்த்தபோது முட்டைகள் மீண்டும் உறுதிபெற்றன.

எண்ணிப் பாருங்கள். நாம் உப்பிட்டுக் கரைக்கும் நத்தையின் ஓடுதான், நாம் கையில் ஏந்தி வரும் குருவியின் முட்டைக்கு ஓடாகிறது. இதில் எது மேல்? எது கீழ்?

குரல் இல்லாதது குற்றமா?

எதிர்வாதிகள் கூறுவனவற்றையும் நேர்மையோடு கேட்போம்.

முதலாவது, பறவை பாடுகிறது, நத்தை பாடுவதில்லை. ஆகவே பறவையின் இழப்பே பேரிழப்பு என்கின்றனர். ஹவாயின் முன்னோர்க்கு இவ்வேறுபாடு தெரியாது! மரநத்தைகள் பாடும் என்றே அவர்கள் நம்பினர். காட்டின் குரல் என்று அவற்றைக் கொண்டாடினர். தம் பாடல்களில் அவற்றுக்கு இடம் தந்தனர். அவர்கள் கேட்டது மரத்திலிருந்த சில்வண்டின் ஒலியாக இருக்கலாம் என்று இன்று விளக்குகின்றனர். இருக்கட்டும். அவர்கள் காதில் பிழை இருந்திருக்கலாம். மதிப்பில் பிழை இல்லை. பாடுவது என் செவிக்கு இன்பம். என் செவிக்கு இன்பம் தராதது வாழத் தகுதியற்றது என்பது எவ்வகை அறம்?

இரண்டாவது, பறவையிடம் கற்றோம், நத்தையிடம் என்ன கற்றோம் என்கின்றனர். கலாப்பகசுத் தீவுக் குருவிகளையும் டார்வினையும் அறியாத பள்ளிமாணவர் இல்லை. ஆயின் ஓவாஹுத் தீவின் நத்தைகளையும் ஜான் தாமஸ் குலிக்கையும் அறிந்தவர் எத்தனை பேர்? ஹவாயில் அமெரிக்க மறைபரப்பாளர் குடும்பத்தில் பிறந்த குலிக், இளமையில் பள்ளத்தாக்குப் பள்ளத்தாக்காய் அலைந்து பல்லாயிரம் நத்தையோடுகளைத் திரட்டினார். அடுத்தடுத்த பள்ளத்தாக்குகளில் ஒரே மழை, ஒரே மரம். ஆயினும் நத்தைகள் வெவ்வேறாய் இருந்தன. சூழலின் வேறுபாடு மட்டுமன்றிப் பிரிந்து வாழ்தலே இனங்களை வேறுபடுத்தும் என்று அவர் அவற்றிலிருந்து உணர்ந்து, 1872இல் எழுதினார். படிவளர்ச்சி பற்றிய சிந்தனையில் அது முன்னோடிக் கருத்து. குருவிகளுக்குப் பாடநூலில் படம் உண்டு. நத்தைகளுக்கு அடிக்குறிப்பும் இல்லை. கற்பித்ததை மறந்துவிட்டு, கற்பிக்கவில்லை என்று சாட்டுவது நன்றி அன்று.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று நத்தையோடு சேர்ப்பது ஒரு பித்தாகப் பரவி, பலர் மூட்டை மூட்டையாய்த் திரட்டினர். அதுவும் நத்தைகளைக் குறைத்தது. பறவைக்கும் இதே நிலைதான். ஹவாய் அரசர்தம் மஞ்சள் மேலாடைக்கு இறகு தந்த பறவைகளும் இன்றில்லை. அழகை விரும்பினோம் என்பதனால் நாம் காத்தவர் ஆகிவிடுவதில்லை.

மூன்றாவது வாதம் வலியது. பணம் குறைவு, எல்லாவற்றையும் காக்க இயலாது, எனவே பெரிதும் விரும்பப்படுவதை முதலில் காப்போம் என்பது அது. இவ்வாதத்தின் வழியே சென்றால் எங்கே முடியும் என்பதைப் பறவைகளின் நிலையே காட்டும். அமெரிக்க அரசு அழிவுக்கு உள்ளானவையாக அறிவித்த பறவைகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஹவாய்ப் பறவைகள். ஆயினும் 1996 முதல் 2004 வரை அத்தகைய பறவைகளுக்கெனச் செலவான தொகையில் அவை பெற்றது 4 விழுக்காட்டளவே என்று 2008இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று. மீதியெல்லாம் பெருநிலப்பரப்பில் வாழும் பறவைகளுக்கே சென்றது. ஆக, ஏணியின் படிகள் நத்தைக்கும் பறவைக்கும் இடையே மட்டும் இல்லை. அருகிலிருக்கும் பறவை மேல், தொலைவிலிருக்கும் பறவை கீழ் என்று அது நீண்டுகொண்டே போகிறது. நத்தையைக் கைவிட்ட நியாயமே போவூலியையும் கைவிட்டது. ஏணியை ஏற்றவர்க்கு அதில் தம் இடம் எது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைப்பதில்லை.

பணத்தைப் பற்றியே பேசினாலும், நத்தையைக் காப்பதற்கு அரண்மனை வேண்டாம். ஹவாயில் மரநத்தைகள் எஞ்சியுள்ள சில இடங்களைச் சுற்றி, எலியும் ஓநாய் நத்தையும் ஏறமுடியாத வேலிகளை எழுப்பிக் காக்கின்றனர். முற்றும் அழியும் நிலையிலுள்ளவை சிறு பெட்டிகளில், குளிர்ந்த ஈரக்காற்றில் வளர்க்கப்படுகின்றன. தாகித்தி, மோரியாத் தீவுகளின் பார்ட்டூலா நத்தைகள் லண்டன், எடின்பரோ முதலிய நகர்களின் விலங்குக் காட்சிசாலைகளில் இப்படித்தான் பல பத்தாண்டுகள் பேணப்பட்டன. 2015 முதல் அவை ஆயிரக்கணக்கில் தம் தீவுகளுக்குத் திரும்பின. விடப்படும் ஒவ்வொன்றின் ஓட்டிலும் ஒரு வண்ணப்புள்ளி இடப்பட்டது. 2024இல் மோரியாத் தீவில் புள்ளியில்லாத வளர்ந்த நத்தைகள் தென்பட்டன. காட்டிலேயே பிறந்து காட்டிலேயே வளர்ந்தவை அவை! காட்டில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டிருந்த ஓர் இனம் அப்பட்டியலிலிருந்து மீண்டது. இயலாது என்று சொன்னோர்க்கு இதைவிட விடை என்ன வேண்டும்?

எண்ணப்படாதவை

உலகில் இதுவரை அற்றுப்போனதாகப் பதிவான உயிரினங்களுள் மிகுதியானவை எவை என்று கேட்டால், பெரும்பாலோர் பறவை அல்லது விலங்கு என்பர். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் 2007ஆம் ஆண்டுச் சிவப்புப் பட்டியலில், நத்தை, சிப்பி முதலிய மெல்லுடலிகளுள் அற்றுப்போனவையாக 302 இனங்கள் இருந்தன. வேறெந்த உயிர்க்குழுவிலும் அத்துணை அழிவு பதிவாகவில்லை. அந்த எண்ணையும் மறு ஆய்வு செய்த அறிஞர்கள், உண்மை எண் அதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு என்று 2009இல் காட்டினர். பறவை இனங்கள் அனைத்தும் மதிப்பிடப்பட்டுவிட்டன. மெல்லுடலிகளின் பெரும்பகுதி இன்னும் மதிப்பிடப்படவே இல்லை. செத்தவரையும் நாம் சரியாக எண்ணவில்லை.

2023இல் அமெரிக்க அரசு, இனி இல்லை என்று 21 இனங்களைப் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து நீக்கியது. அவற்றுள் பத்துப் பறவைகள். போவூலியும் அவற்றுள் ஒன்று. பறவைகளுக்காகப் பலர் வருந்தினர். அதே பட்டியலில் நத்தைக்கு உறவான நன்னீர்ச் சிப்பி இனங்கள் எட்டு இருந்தன என்பதை நம்முள் எத்தனை பேர் அறிவோம்?

இதில் நாம் குற்றமற்றவர் அல்லோம். மறையுரைகளில் சிட்டுக்குருவியைப் பற்றி எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! மிக மலிவாய் விற்கப்படும் குருவியையும் இறைவன் மறப்பதில்லை என்று ஆறுதல் கொள்கிறோம். திருப்பாடலில் ஓரிடத்தில் நத்தை வருகிறது. தீயோர் கரைந்தொழிவதற்கு உவமையாக வருகிறது. குருவியை மனத்தில் இருத்தினோம். நத்தைக்கு உவமையை மட்டும் எடுத்துக்கொண்டு உப்பை நீட்டினோம். குருவி அங்கே இடம்பெற்றது அதன் அழகினால் அன்று. எவரும் விலைமதியாத உயிர் என்பதனால் அன்றோ? அப்படியாயின் இன்று அந்த இடத்துக்கு உரியது எது?

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சீ' சுற்றுமடல் இந்த ஏணியைத் தொட்டே பேசுகிறது. பாலூட்டிகளும் பறவைகளும் அழிவது கண்ணுக்குத் தெரிவதால் நம்மை உறுத்துகிறது. ஆயின் கண்ணில் படாத புழுவும் பூச்சியும் பூஞ்சையும் இன்றி இயற்கை இயங்காது என்று அது நினைவூட்டுகிறது. மனிதருக்குப் பயன் என்னும் அளவுகோலால் மட்டும் பிற உயிர்களை அளத்தல் ஆகாது என்றும் கூறுகிறது. அம்மடலைப் படித்தோம், போற்றினோம். மரக்கன்று நட்டோம், குருவிக்கூடு கட்டினோம். எவையும் வீணல்ல. ஆயினும் நாம் விரும்பும் உயிர்க்கு நாம் விரும்பும் வண்ணம் உதவியது போதுமென்று நிறைவுகொண்டோம் எனில், அம்மடலின் கடினமான பக்கத்தைத் தாண்டிச் சென்றவர் ஆகிறோம்.

'நத்தை வயிற்றிலும் முத்துப் பிறக்கும்' என்பது நம் பழமொழி. நத்தையைப் புகழ்வதாக எண்ணிச் சொல்கிறோம். கூர்ந்து நோக்கின், அது முத்தைத்தான் புகழ்கிறது. நமக்கு முத்துத் தராத நத்தைக்கு அங்கே மதிப்பில்லை.

நம் மொழியிலேயே இதற்கு மாறான சொல்லொன்றும் உண்டு. வேடந்தாங்கலுக்குச் சென்றவர்கள் அங்கே கூட்டமாய்க் கூடுகட்டும் ஒரு நாரையைக் கண்டிருப்பர். அலகின் நடுவே இடைவெளி கொண்ட அப்பறவை, வயல்களிலும் ஏரிகளிலும் வாழும் நீர்நத்தைகளைத் தேடி உண்பது. அதன் நிறத்தைக் கொண்டோ உயரத்தைக் கொண்டோ நம் முன்னோர் அதற்குப் பெயரிடவில்லை. 'நத்தைகுத்தி நாரை' என்றனர். பெயரிலேயே நத்தையை முன்னும் நாரையைப் பின்னும் வைத்தனர். நத்தை இல்லையேல் அந்நாரை இல்லை என்பது ஏட்டறிவு இல்லாத அவ்வுழவருக்குத் தெரிந்திருந்தது. ஏணி கட்டிய நாம் அதை மறந்தோம்.

அடுத்த மழைக்குப் பின் வாசற்படியில் நத்தை ஒன்று ஏறிவரும். அது எந்த நத்தை என்று கேட்கும் பொறுமையை முதலில் பெறுவோம். கேடு செய்வதாயின் அகற்றுவோம். கேடில்லாததாயின், உப்புக்குச் செல்லும் சிறுவனின் கையைத் தடுத்து நிறுத்துவோம். குருவிக்காக அட்டைப்பெட்டி தேடிய கை அல்லவா அது?